யாருக்காக வேவு பார்ப்பது?

சிறுவர்கள் விரும்பிப் படிக்கும் துப்பறியும் கதைகளைக் குறித்து ஒரு தினசரியின் தலையங்கப் பக்கத்தில் எழுதவேண்டிய அவசியமென்ன என்று நமது வாசகர்களில் சிலர் வியப்படையலாம். நாட்டில் பேசவேண்டிய பெரிய விஷயங்கள் பல இருக்க, இரும்புக் கரமும் கள்ளக் கடத்தலும் ரகசியப் படையும் நிறைந்த பொம்மைக் கதைகளுக்கு இத்தனை இடமா என்று அன்னார் கேட்பது இயல்பே. ஆனால் 12 வயதில் ஒரு பிள்ளை யாரைத் தன் வீரனாக மனத்தில் வரித்துக்கொள்கிறானோ, அவ்வீரனுடைய சாயல் 40 வயதிலும் அவனை விட்டு அகலுவதில்லை. உபாத்தியாயர் கட்டாயப்படுத்திப் படிக்கவைத்த பாடம் பரீட்சையோடு மறந்து போகிறது. பாடப் புஸ்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்த கதை மறப்பதில்லை. ஆகையால், நமது பிள்ளைகளின் இந்த ரகசியப் பாடசாலையில் என்ன போதிக்கப்படுகிறது என்று விசாரிப்பது பொதுவாழ்வில் ஈடுபட்டோர் அனைவருக்கும் கடமையாகும்.

இவ்விஷயத்தில் சிவகாசிக்குத் தனிப் பாத்தியதை உண்டு. 1922-ம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று வந்தனர். மழையை நம்பி ஏமாந்த கரிசல் பூமிக்கு அத்தொழில் கஞ்சி வார்த்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு வர்ண அச்சு வேண்டியிருந்தது. இவ்வாறு நெருப்பின் பின்னே அச்சுக்கூடமும் வந்து சேர்ந்தது. அந்த ஊரிலிருந்துதான் 1972-ல் முத்து காமிக்ஸ் என்னும் சித்திரக்கதைத் தொடர் ஸ்ரீ சௌந்திரபாண்டியன் அவர்களால் தொடங்கப்பெற்றது. 1984-ல் அவர்தம் குமாரர் ஸ்ரீ விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். எத்தனையோ சிறுவர் பத்திரிகைகள் தோன்றி மறைந்த தமிழ்நாட்டில், இவையிரண்டும் இன்றும் வெளிவருகின்றன என்பது சாமான்யமான காரியமன்று. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பழக்கத்தையே இக்கதைகளால் பெற்றவர் பலருண்டு. அதற்காக அப்பிரசுரகர்த்தர்களுக்குத் தமிழுலகம் கடமைப்பட்டிருக்கிறது. இதை முதலில் சொல்லிவிட்டே மேற்செல்ல விரும்புகிறோம்.

முத்து காமிக்ஸின் முதல் வெளியீட்டிலேயே தோன்றியவன் இரும்புக்கை மாயாவி. இவன் பிறந்த இடம் இங்கிலாந்து. 1962-ல் 'வேலியன்ட்' என்ற ஆங்கிலச் சிறுவர் வாரப் பத்திரிகையில் இவன் கதை ஆரம்பமாயிற்று. ஆராய்ச்சிச் சாலை ஒன்றில் உதவியாளனாயிருந்து விபத்தில் வலக்கையை இழந்தவன். அக்கைக்குப் பதில் எஃகுக் கை பொருத்தப் பெற்றவன். மின்சாரம் உடலிற் பாய்ந்தால் அந்த எஃகுக் கையைத் தவிர மற்ற உடல் முழுவதும் கண்ணுக்குத் தெரியாது மறைந்துவிடும். முதலில் குற்றங்களில் இறங்கிய இம்மனிதன், பின்னர் திருந்தி, பிரிட்டிஷாரின் இரகசியப் படையொன்றில் உளவாளியாகச் சேருகிறான். அப்படையைத் தமிழில் 'நிழற்படை' என்று அழகாகப் பெயரிட்டார்கள். 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்' என்று தொடர்ந்த இவனுடைய சாகசங்களைப் படித்து, மின்சாரக் கம்பியைக் கண்டபோதெல்லாம் மாயாவியின் நினைவு வந்த பிள்ளைகள் எத்தனை ஆயிரவரோ! இவனைத் தொடர்ந்து ஜானி நீரோ வந்தான். லாரன்ஸும் டேவிட்டும் வந்தார்கள். காரிகன் என்னும் அமெரிக்க ஏஜண்டும் வந்தான். பெரும்பாலோர் அன்னிய தேசத்து அரசாங்கங்களின் சம்பளம் பெற்ற வேவுகாரர்கள்.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். வேவுகாரன் என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் 1947-க்கு முன் என்ன பொருள் இருந்தது? வள்ளுவர் ஒற்றாடலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார் என்பது உண்மையே. அரசனுக்கு ஒற்றன் கண் போன்றவன் என்பது நம் பழைய நூல்கள் அறிந்த செய்தியே. ஆயினும், அன்னியர் ஆட்சியில் சி.ஐ.டி. என்ற மூன்றெழுத்து நம் பாட்டன்மார் காதில் எவ்வாறு ஒலித்தது? பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில், அவருடைய வீதியிலும் அவரது நண்பர்களின் வாசலிலும் நின்றவர்கள் யார்? கடிதங்களை இடைமறித்துப் படித்தவர்கள் யார்? 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு, அங்கே தங்கியிருந்த தேசபக்தர்களைச் சுற்றி ஒற்றர் கூட்டம் மொய்த்தது. வ. வே. சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் ராஜத்துரோகத் தாள்களை ஜாடியில் அடைத்துப் போட்டு, அவரைக் குற்றவாளியாக்க முயன்றார்கள் என்று அக்காலத்தை எழுதினோர் கூறுவர்.

அவ்வளவு தூரம் போவானேன்? விருதுநகரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1933-ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கு என்று ஒன்று ஜோடிக்கப்பட்டு, அதில் காமராஜர் சிக்கவைக்கப்பட்டார். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் அவருக்காக வாதாடினர், குற்றச்சாட்டு நிலைக்கவில்லை, காமராஜர் விடுதலை பெற்றார். அவ்வழக்கு வெற்றி பெற்றிருந்தால், பின்னாளில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்களைத் திறந்தவர் சிறைக்கூடத்தில் கிடந்திருப்பார். அன்று விருதுநகர் வட்டாரத்தில் 'சி.ஐ.டி. வருகிறான்' என்றால், தாய்மார் பிள்ளையை உள்ளே அழைத்துக் கதவைத் தாழிட்டிருப்பார்கள். அதே வட்டாரத்தில், 40 ஆண்டு கழிவதற்குள், லண்டனிலிருந்து உத்தரவு பெற்றுப் புறப்படும் ஏஜண்டைத் தங்கள் வீரனாகக் கொண்டாடும் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

இதற்காகப் பிள்ளைகளை நோவது அறிவீனம். கதையில் வேகமும் தைரியமும் இருந்தன. பிள்ளைகள் அவற்றைக் கண்டு மகிழ்ந்தார்கள். மொழிபெயர்த்தவர்களை நோவதும் முறையன்று. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அன்னிய நாவல்களைத் தழுவி எழுதியே தமிழில் வாசகக் கூட்டத்தைப் பெருக்கினார்கள். பிறநாட்டுச் சரக்கு தமிழுக்குள் வருவதைத் தடுக்க வேண்டுமென்று கூறுவோர் கட்சியில் நாம் இல்லை. நமது வாதம் வேறு. வேவுக் கதை மற்றக் கதைகளைப் போன்றதன்று. திருடனைப் பிடிக்கும் கதையில் நியாயம் எந்தப் பக்கம் என்பது தெளிவு. வேவுக் கதையிலோ, கதாநாயகன் பொய் பெயர் பூணுகிறான், பூட்டை உடைக்கிறான், பிறர் கடிதத்தைப் படிக்கிறான், சில சமயம் கொல்லவும் செய்கிறான். இவையனைத்தும் வீரமாகத் தோன்றுவதற்குக் காரணம் ஒன்றே: அவன் நம் பக்கத்து ஆள் என்று முதல் பக்கத்திலேயே நம்மை நம்பச் செய்துவிடுகிறார்கள். அவனை அனுப்பிய எஜமானைப் பற்றி விசாரணையே கிடையாது. ஆகவே, இக்கதைகளைப் படிக்கும் வாலிபனுக்கு நாம் கற்பிக்க வேண்டிய முதற் கேள்வி, 'இவன் யாருக்காக வேவு பார்க்கிறான்?' என்பதே.

சிறுவனையே உளவாளியாக்கிய கதைகளுள் மிகவும் கியாதி பெற்றது நமது தேசத்திலேயே நடப்பதாக எழுதப்பட்டது என்பதையும் நினைவூட்டுகிறோம். 1901-ல் ருட்யார்ட் கிப்ளிங் வெளியிட்ட 'கிம்' என்னும் நாவலில், லாகூர்த் தெருக்களில் அநாதையாய்த் திரியும் ஐரிஷ் சிறுவன் ஒருவன், ருஷ்யருக்கு எதிராக ஆங்கில சர்க்காரின் ஒற்றனாகப் பழக்கப்படுகிறான். இந்தியத் தெருக்களும் இந்திய மனிதர்களும் அந்நூலில் உயிரோடு நடமாடுகிறார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த மக்களை ஆளுவோர் யார், அச்சிறுவனுடைய புத்திசாலித்தனம் யாருடைய ஆட்சியைக் காப்பாற்றச் செலவாகிறது என்ற கேள்வி மட்டும் அதில் எழவே எழாது. இந்தியன் கேட்டாலன்றி அது எழப்போவதுமில்லை.

நூறாண்டு கழித்து, 2000-ம் ஆண்டில், ஆந்தனி ஹோரோவிட்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர் அலெக்ஸ் ரைடர் என்ற 14 வயதுப் பையனைக் கதாநாயகனாக வைத்து ஒரு நாவல் எழுதினார். அதைத் தொடர்ந்து பல நாவல்கள் வந்துவிட்டன. நமது நகரங்களில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் கையிலும் அவை புழங்குகின்றன. இதில் ஒரு மாறுதலைக் காண்கிறோம். அலெக்ஸ் தானே விரும்பி உளவாளியாகவில்லை. பிரிட்டிஷ் உளவு ஸ்தாபனத்தின் தலைவர் அவனை மிரட்டி வேலைக்கு அனுப்புகிறார். தன்னை வளர்ப்பவளை நாடு கடத்திவிடுவார்களோ என்றஞ்சி அவன் இணங்குகிறான். குழந்தையை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு சர்க்கார் குழந்தையை அபாயத்தில் தள்ளலாமா என்ற மனக்குறை, சாகசத்தின் அடியில் ஓடிக்கொண்டேயிருக்கிறது. ஆக, வேவுக் கதையிடம் கேட்கவேண்டிய இரண்டாவது கேள்வியும் கிடைத்துவிட்டது: 'அபாயம் யாருடைய தலையில் விழுகிறது?'

இவ்விரு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு நமது சொந்தச் சரித்திரத்தைப் பார்ப்போம். ஒற்று வேலைக்குப் போன நம்மவர் இல்லையா? 1943 செப்டம்பர் 10-ந் தேதி சென்னைச் சிறையில் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். வக்கம் அப்துல் காதர், அனந்தன் நாயர், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் என்பன அவர்கள் பெயர்கள். பினாங்கில் பயிற்சி பெற்று, இந்திய விடுதலைக்காக இரகசியமாகத் தாய்நாட்டில் வந்து இறங்கியவர்கள். அவர்களுள் காதர் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலையாளக் கரையில் இறங்கினார். தூக்கு மேடையேறியபோது அவருக்கு வயது 26. முஸ்லிம், ஹிந்து, சீக்கியர் என்று மூன்று மதத்தினரும் ஒரே நாளில், ஒரே குற்றத்துக்காக, நமது சென்னையில் மாண்டனர். எந்த ஆங்கில நாவலாசிரியனும் கற்பனையிற் கண்டிராத கதை இது.

இன்னும் அணித்தே ஒருவர் உண்டு. ரங்கூனில் தமிழ்க் குடும்பமொன்றில் 1927-ல் பிறந்தவர் ஸ்ரீமதி சரஸ்வதி ராஜாமணி. 16 வயதில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் உளவுப் பிரிவில் சேர்ந்தார். ஆண்பிள்ளை வேஷம் பூண்டு, ஆங்கிலேயரின் முகாம்களில் எடுபிடி வேலை செய்துகொண்டே அவர்களுடைய இரகசியங்களைச் சேகரித்ததாகவும், பிடிபட்ட தோழியொருத்தியை மீட்கப் போய்க் காலில் குண்டடி பட்டதாகவும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சென்னையில் முதுமைக் காலத்தை எளிமையாகக் கழித்து 2018 ஜனவரியில் காலமானார். இரும்புக்கை மாயாவியின் எஃகு விரல்களைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டக்கூடிய தமிழ்நாட்டு வாசகர்களில், இந்த அம்மையாரின் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்? நமக்கு வீரர்கள் இல்லாமற் போகவில்லை. அவர்களுடைய கதையை மாதாமாதம் பிள்ளைகள் கையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் தொடர்தான் இல்லாமற் போயிற்று.

'சரி, பிரிட்டிஷ் கொடியைக் கழற்றிவிட்டு மூவர்ணக் கொடியைப் பறக்கவிட்டால் போதுமா?' என்று ஒருவர் கேட்கலாம். போதாது என்பதே நமது விடை. நமது சர்க்கார் அனுப்பிய ஒற்றன் என்பதற்காகவே அவன் செய்வதெல்லாம் தர்மமாகிவிடாது. அன்னிய ஆட்சியில் கடிதத்தை உடைத்துப் படித்தது தவறு என்றால், சுய ஆட்சியில் அது சரியாகிவிடுமா? பிரஜையின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது சும்மா அன்று. சுதந்திர நாட்டின் வாலிபன், எதிரியைக் கண்காணிப்பவன் யார், சொந்த ஜனங்களைக் கண்காணிப்பவன் யார் என்று பிரித்தறியக் கற்கவேண்டும். கேள்வி கேட்கத் தெரியாத தேசபக்தியை வளர்க்கும் கதை, கிப்ளிங்கின் கதையைவிட எவ்வகையிலும் உயர்ந்ததாகாது.

இரண்டாவது கேள்வியோ சிவகாசி வட்டாரத்தின் நெஞ்சைச் சுடும் கேள்வி. அர்ச்சுனா நதியின் அணையால் பெயர் பெற்ற ஆனைக்குட்டம் முதலாகச் சுற்றுப்புறக் கிராமங்களில், பட்டாசும் தீப்பெட்டியுமே பல குடும்பங்களுக்குச் சோறு. ஒரு காலத்தில் இவ்வட்டாரத்தில் 10 வயதுப் பிள்ளைகள் விடியுமுன் வண்டியேறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் குச்சி அடுக்கின வரலாற்றை நாடு மறந்துவிடவில்லை. 1986-ல் சட்டம் வந்தது. அபாயத் தொழிலில் குழந்தையை வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென்று 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு விதித்தது; அவ்வழக்கே சிவகாசிக் குழந்தைகளைப் பற்றி எழுந்ததுதான். 2016-ல் சட்டம் திருத்தப்பட்டு, 14 முதல் 18 வயது வரையுள்ளோரையும் வெடிமருந்துத் தொழிலில் வைக்கலாகாது என்று விலக்கப்பட்டது. லண்டன் கதையில் 14 வயதுப் பையன் வெடிகளினிடையே ஓடுவது சாகசம். இங்கே அது எத்தனையோ வீடுகளின் பழைய துக்கம். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இப்பகுதி மக்கள் மறப்பார்களா? இவ்வூர்களில் பிறந்த வாலிபனிடம் அபாயம் இனிமையானது என்று உபதேசிக்க எந்த எழுத்தாளனுக்கும் யோக்கியதை கிடையாது.

ஆகவேதான் சொல்லுகிறோம்: தமிழில் ஒரு புதிய வேவுக் கதைத் தொடர் தோன்ற வேண்டும், அது சிவகாசியிலிருந்தே தோன்றுவது பொருத்தம். அதற்குக் கதைப்பொருள் தேடி பெய்ரூட்டுக்கும் பெர்லினுக்கும் போகவேண்டியதில்லை. லைசென்ஸ் ஒருவர் பேரிலும் வேலை வேறொருவர் கையிலுமாக உள்குத்தகைக்கு விடப்படும் பட்டாசு ஆலைகள், வீடுகளில் கள்ளத்தனமாகச் செய்யப்படும் கருந்திரி, ராத்திரியில் மருந்து மூட்டை ஏற்றிச் செல்லும் வண்டி, இவற்றைக் காட்டிலும் மர்மம் வேண்டுமா? ஆனைக்குட்டத்துப் பெண்ணொருத்தி, பள்ளிக்கூடம் போகும் வழியில், பூட்டிக் கிடக்கவேண்டிய கொட்டகையிலிருந்து புகை வருவதைக் கவனிக்கட்டும். இரகசியமாகக் குறிப்பெடுக்கட்டும். யாரிடம் சொல்வது, சொன்னால் யார் பிழைப்பு போகும், சொல்லாவிட்டால் யார் உயிர் போகும் என்று அவள் தவிக்கட்டும். கொட்டகையில் வேலை செய்பவள் தன் சொந்த அத்தையாகவே இருக்கட்டும். அப்போது 'யாருக்காக வேவு?' என்ற கேள்வி ஒவ்வொரு பக்கத்திலும் தானே எழும், 'அபாயம் யாருக்கு?' என்பதை ஆசிரியர் விளக்கவே வேண்டியதில்லை. இதே தொடரில் ஒரு புஸ்தகம் ரங்கூனுக்குப் போகட்டும். ஒன்று பினாங்குக்குப் போகட்டும். ஒன்று 1911-ம் வருஷத்துப் புதுச்சேரியில், ஒற்றனை ஒற்றறிந்த சிறுவனைப் பற்றியதாகட்டும்.

ஒரு நூல் போதாது என்பதையும் வற்புறுத்துகிறோம். வேவுக் கதையின் பலம் தொடர்ச்சியில் இருக்கிறது. ஒரு கதாபாத்திரம் ஐந்து வருஷம் ஒரு பிள்ளையோடு கூடவே வளர்ந்தால்தான் அவனுடைய தோழனாகும். பரிசுக்காக எழுதி அலமாரியில் உறங்கும் நீதிக் கதைகளால் இவ்வேலை நடவாது. கதை முதலில் கதையாக இருக்க வேண்டும். விறுவிறுப்புக் குன்றினால், பிள்ளைகள் அதை மூடி வைத்துவிட்டு மாயாவியிடமே திரும்பிப் போவார்கள், அப்போது அவர்கள் செய்வதே நியாயமாகும்.

இதில் செலவும் நஷ்டமும் உண்டு என்பதை அறிவோம். அன்னியச் சித்திரங்களின் உரிமையை வாங்கித் தமிழாக்குவதைவிட, சொந்தமாக எழுதிச் சொந்தமாக வரையச் செய்வது கடினம். பிரசுரகர்த்தர்கள் தலையில் மட்டும் இச்சுமையை ஏற்றுவது தகாது. இந்தியாவிலேயே முதலாவதாக 1948-ல் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாகாணம் சென்னை. ஜனங்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறார்கள். அப்பணத்தில் வாங்கும் நூல்களில் சிறுவர் சாகசத் தொடர்களுக்கு உரிய பங்கு ஒதுக்கப்படுமாயின், புதிய தொடர் முதல் இரண்டு மூன்று வருஷங்களைத் தாண்டிவிடும். கட்சிக் கூட்டங்களுக்கும் ஆண்டு மலர்களுக்கும் தாராளமாகச் செலவிடும் நமது தொண்டர்கள், தத்தம் கிராமத்துப் படிப்பகத்தில் ஒரு தொடருக்குச் சந்தா கட்டுவது பெரிய காரியமாகாது. எழுத்தாளர்களும், சிறுவர்க்கு எழுதுவது கௌரவக் குறைவு என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும்.

இரும்புக்கை மாயாவி இருக்கட்டும். அவன் நம் பிள்ளைகளுக்குப் படிக்கும் ஆசையை ஊட்டியவன். ஆனால் ஐம்பதாண்டுக்கு மேலாக இரவல் வீரர்களைக் கொண்டு பிள்ளைகளின் மனத்தை நிரப்பியது போதும். சிவகாசி அச்சுக்கூடங்களில் மையும் இருக்கிறது, காகிதமும் இருக்கிறது, கைதேர்ந்த தொழிலாளரும் இருக்கிறார்கள். வரும் கோடை விடுமுறைக்குள் முதல் புஸ்தகம் வெளிவரட்டும். அதற்கு வேண்டிய ஆதரவை அளிப்பது நமது வாசகர்கள் ஒவ்வொருவருடைய பொறுப்புமாகும்.